நான்காவது கை

அந்த உறையில் மூன்று கைகள்தான் இருந்திருக்க வேண்டும். நான் வாசித்தபோது நான்கு இருந்தன.

முதலில் என் மூக்குக் கண்ணாடியைக் குறை சொன்னேன், அடுத்து வாசிக்கும் இயந்திரத்தை. துடைத்துவிட்டு மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். நான்கு நான்குதான். பறிமுதல் செய்த இன்ஸ்பெக்டர் கோமதிநாயகத்தின் கை, சொத்து அறைக்குப் பொறுப்பான ரைட்டரின் கை, கோர்ட்டுக்குக் கொண்டுவந்த ஏட்டின் கை. இந்த மூன்றுக்கும் பதிவேட்டில் நாளும் நேரமும் இருக்கின்றன. நான்காவது கை ஆயுத பூஜை அன்று காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு வந்து மூன்றே வினாடியில் போயிருக்கிறது. பதிவேட்டில் அந்த நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

என் பெயர் இசக்கியம்மாள். கோர்ட் வளாகத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'உறை மேடம்' என்று கேட்க வேண்டும். தோலுறை வாசிப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதையே செய்கிறேன். மனிதர்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது, கையைக் காட்டினால் சொல்லிவிடுவேன்.

முன்பெல்லாம் போதைப்பொருளைப் பிடித்தால் துணிப்பையில் போட்டுக் கட்டி, அரக்கு வைத்து, நாலு கையெழுத்து வாங்குவார்கள். அரக்கை உருக்கிப் பிரித்துத் திரும்ப ஒட்டத் தெரிந்த ஆளா நம் ஊரில் இல்லை? பிடிக்கும்போது போதைத் தூளாக இருந்தது கோர்ட்டுக்கு வரும்போது படிகாரமாக மாறியிருக்கும். கஞ்சா மூட்டை பாதியாக இளைத்திருக்கும், கேட்டால் பழியை எலிமேல் போடுவார்கள். எலி வந்து சாட்சி சொல்லவா போகிறது? இந்தக் கூத்தை ஒழிக்கத்தான் தோலுறை வந்தது. ஆய்வகத்தில் வளர்த்த தோலால் செய்த பை. அதற்கு உயிர் உண்டு. பதினைந்து நாளைக்கு ஒரு முறை சர்க்கரைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாடிவிடும். யார் தொட்டாலும் விரல் ரேகை, வியர்வையின் உப்பு, நாடித் துடிப்பு எல்லாவற்றையும் தன் மேலேயே எழுதிக்கொள்ளும். எழுதியதை அழிக்க எவனாலும் முடியாது. போலீஸ்காரர்கள் அதற்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் அதற்கேற்றபடி மாறியது. பிடித்த இடத்திலிருந்து கோர்ட் மேசைவரை கைமாறும் சங்கிலியில் பதிவேட்டில் இல்லாத ஒரு கை பட்டிருந்தாலும் போதும். சங்கிலி அறுந்தது, வழக்கு தள்ளுபடி, ஆள் வீட்டுக்குப் போகலாம்.

இந்த உறைக்குள் இருந்தது அறுநூற்று நாற்பது கிராம் மெத் என்கிற போதைத் தூள். பிடிபட்டவன் தவசிக்கனி. ஆலடிக்குளத்தில் கூல்டிரிங்ஸ் ஏஜென்சி வைத்திருப்பவன். கல்லூரி வாசல், பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி கேன்டீன் என்று பெட்டிபெட்டியாக இறக்குவான். பாட்டிலுக்கு அடியில் என்ன இறக்கினான் என்று நிரூபிக்கப் போலீசுக்கு இரண்டு வருடம் ஆனது. குறைந்தது பத்து வருடம் உள்ளே போக வேண்டியவன். அவனுக்கும் சிறைக்கும் நடுவில் இப்போது மூன்று வினாடி நின்றது.

கோமதிநாயகத்துக்கு போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

"எவன் கை மேடம் அது?"

"எவ கைனு கேளுங்க. உங்க ஸ்டேஷன்ல கூட்டிப் பெருக்குற அம்மா, பேச்சித்தாய். ஒப்பந்தத் தொழிலாளி ரேகையெல்லாம் நம்ம பட்டியல்ல இருக்குல்லா, அதான் உடனே காட்டிருச்சு."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்தது. நல்ல மனிதர்தான். பக்தி மட்டும் கொஞ்சம் அதிகம்.

"ஆயுத பூஜை அன்னைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "துப்பாக்கி, லத்தி, ஜீப்பு, கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னேன். வருஷா வருஷம் செய்யுததுதான். சொத்து அறையையும் திறந்துவிடுங்கடே, அங்கயும் லட்சுமிதானே இருக்கானு நான்தான் சொன்னேன்."

"பறிமுதல் பண்ணின போதைப்பொருள் உமக்கு லட்சுமியா?"

"அந்த ரூம்ல நகை இருக்கு, வண்டி இருக்கு மேடம். மத்ததெல்லாம் பழைய சாக்கு மூட்டை. தோலுறை இது ஒண்ணுதான் இருந்துச்சு. இதுலயும் பொட்டு வச்சுத் தொலைச்சிருக்கா."

"பொட்டு எங்க? உறையில ஒண்ணும் காணமே?"

"சர்க்கரைத் தண்ணி தொட்டுத் துடைக்கையில ரைட்டர் சேத்துத் துடைச்சிருப்பான்."

தோலுறைக்குச் சந்தனமும் சாணியும் ஒன்றுதான். உப்பும் துடிப்பும் மட்டுமே அதற்குத் தெரியும். சொத்து அறைக்குள் கேமராவும் கிடையாது. உறையே சாட்சி சொல்லும்போது கேமரா எதற்கென்று எந்தப் புண்ணியவானோ கழற்றச் சொல்லிவிட்டான்.

"பூஜைக்காகத் தொட்டதுனு பதிவேட்டுல ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சு போயிருக்குமே!" என்று கத்திவிட்டேன்.

"சாமி கும்பிடுததை யாராவது பதிவேட்டுல எழுதுவாங்களா மேடம்?"

நானும் அன்று என் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தவள்தான்.

"மூணு செகண்டுதானே. கண்டுக்காம விட்டுருங்களேன்" என்றார்.

"வாசிப்போட நகல் எதிர்த்தரப்புக்கும் போயிருச்சு. தவசிக்கனி வக்கீல் ராமசுப்புவுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியும்."

அவர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏழாவது உட்பிரிவுனு ஒண்ணு இருக்குல்லா?" என்றார்.

இருந்தது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். பதிவில்லாத கை பட்டாலே வழக்கு விழுந்துவிடும் என்றால், ஒவ்வொரு வியாபாரியும் ஆள் வைத்து உறையைத் தொடச் சொல்லிவிடுவானே? அதனால் ஒரு விலக்கு வைத்தார்கள். தொட்டவர் தீய எண்ணத்தோடு தொட்டார் என்று நிரூபித்து அவரைத் தண்டித்தால், உறையும் பிரிக்கப்படாமல் இருந்தால், சங்கிலி அறுந்ததாகாது. தொட்டவருக்கு மூன்று வருடம். ஆக, திருட வந்த கை பட்டால் வழக்கு பிழைத்துக்கொள்ளும். கும்பிட வந்த கை பட்டால் செத்துப்போகும். சட்டப் புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று வரவில்லை.

"அந்த அம்மா மேல திருட்டுக் கேஸ் போடப் போறீரா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்று எழுந்தார். வரவழைத்த டீயைத் தொடாமலேயே போனார்.

இரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில், நான் தயிர்சாத டப்பாவைத் திறந்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். ஒப்பந்தக் கம்பெனியின் பச்சை மேல்சட்டை போட்டிருந்தாள். பெனாயில் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ரேகையைப் பார்க்காமலேயே யாரென்று தெரிந்துவிட்டது.

"மேடம், திருட்டுக் கை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"என்னது?"

"திருட வந்தவ தொட்டா அந்தப் பையில எப்படித் தெரியும்னு கேக்கேன்."

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நாடி பதறும்" என்றேன். "நூத்திப்பத்து, நூத்திருவதுனு அடிக்கும். உப்பு கூடும். உள்ளங்கை முழுசாப் படும். உன் நாடி அறுவத்தெட்டு. ஒத்த விரல், அதுவும் மோதிர விரல். சந்தனம் வைக்கிற விரல்."

"அப்ப நான் திருட வந்தேன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"எதுக்கு அப்படிச் சொல்லணும்? இன்ஸ்பெக்டர் மிரட்டினாரா? இப்பவே சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்."

"அவரு ஒண்ணும் சொல்லல. திருட்டுக் கைன்னா கேஸு பொழைக்கும்னு ஸ்டேஷன்ல பேசிக்கிட்டாங்க, நாந்தான் போயி எழுதிக் குடுத்தேன். அவரு வேண்டாம் வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மூணாவது தடவ சொல்லல" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் டப்பாவை மூடினேன். மூன்று வருடம் என்றால் என்னவென்று தெரியுமா, வெளியே வந்தால் எவன் வேலை கொடுப்பான், ஊரார் என்ன பேசுவார்கள் என்று மூச்சு விடாமல் திட்டினேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு சுகந்தினு ஒரு பிள்ள இருந்தா மேடம். நர்சிங் ரெண்டாம் வருஷம். மாரடைப்புல போயிட்டானு ஊர்ல சொன்னோம். சர்டிபிகேட்லயும் அப்படித்தான் எழுதி வாங்கினோம். சின்னவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்தோம், வேற என்ன சொல்ல? ஆஸ்பத்திரி கேன்டீன்லதான் அவளுக்கு அது கெடச்சுது. பெட்டி எறக்குனவன் யாருனு எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல ஒருத்தருக்கும் இது தெரியாது."

மூடிய டப்பாவை மேசை ஓரத்துக்குத் தள்ளினேன்.

"அன்னைக்கு எல்லா மூட்டைக்கும் சும்மா பொட்டு வச்சிட்டுப் போனேன். இந்தப் பை எந்தக் கேஸுனு எனக்குத் தெரியும். இதுக்கு மட்டும் நின்னு, விரல எடுக்காம, இவன விட்டுராத தாயேனு கும்பிட்டேன். அதான் மூணு செகண்டு."

மற்ற சாமான்களுக்கு வைத்தது போல் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் உறை அதைக் கணக்கில் எடுத்திருக்காது. ஒரு வினாடிக்குக் குறைவான உரசலைப் பூச்சி, காற்று என்று தள்ளிவிடும். அவள் கும்பிட்டதுதான் அவனைக் காப்பாற்றியிருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருந்தது.

"நீங்க பொய் சொல்ல வேண்டாம் மேடம்" என்றாள் போகும்போது. "என்னைய நல்லவனு மட்டும் சொல்லிராதீங்க."

விசாரணை நாள் வந்தது. இதுபோன்ற வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் எங்களுடையது. இரண்டு வழக்கையும் ஒன்றாகவே எடுத்தார்கள். ஒரு கூண்டில் தவசிக்கனி. வெள்ளைச் சட்டை, கையில் கயிறு, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினான். எதிர்க் கூண்டில் பேச்சித்தாய்.

கோமதிநாயகம் கூண்டேறி, பூஜை ஸ்டேஷன் வாசலில்தான் நடந்தது, சொத்து அறையைக் கூட்டுவதற்காக மட்டும் திறந்துவிட்டோம் என்று சொன்னார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. பிறகு பேச்சித்தாய், விற்றால் பணம் வருமென்று எடுக்கப் போனேன், பயந்துபோய் விட்டுவிட்டு வந்தேன் என்றாள். எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்தவள் போலில்லை. பொய்யை அவள் நன்றாகத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

ராமசுப்பு எழுந்தார். போதை வியாபாரியின் வக்கீல், துப்புரவுத் தொழிலாளிக்காகக் கண்கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"யம்மா, உன்னப் பாத்தா எங்க அக்கா மாதிரி இருக்கு. யாருக்கோ பயந்து பழிய ஏத்துக்கிடாத. திருட வந்தவ ஒத்த விரலாலயா தொடுவா?"

"பையி முழிச்சிருக்கானு பாத்தேன் சார்."

"என்னது?"

"தொட்டா சிணுங்கும்னு சொல்லுவாங்க. கத்துமோ, மணியடிக்குமோனு தெரியல. மத்த விரலெல்லாம் பெனாயில்ல வெடிச்சுக் கெடந்துச்சு, மோதிர விரல்தான் நல்லாருந்துச்சு. அதால தொட்டுப் பாத்தேன். சத்தம் வரல. அதுக்குள்ள ஏட்டையா செருப்புச் சத்தம் கேட்டுச்சு, வந்துட்டேன்."

கோர்ட்டில் சிரிப்பலை எழுந்தது. நான் சிரிக்கவில்லை. இவ்வளவு கச்சிதமான பொய்யை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. எத்தனை நாள் யோசித்தாளோ.

அடுத்தது நான். கூண்டில் ஏறி நின்றபோது என் நாடி எண்பதைத் தாண்டியது எனக்கே தெரிந்தது. வாசித்ததை ஒப்பித்தேன். பேச்சித்தாயின் வலது மோதிர விரல், மூன்று வினாடி, அறுபத்தெட்டுத் துடிப்பு, உறை பிரிக்கப்படவில்லை.

ராமசுப்பு என்னிடம் வந்தார். "பத்தொன்பது வருஷத்துல நீங்க எத்தனை திருட்டுக் கை வாசிச்சிருப்பீங்க மேடம்?"

"இருநூத்துச் சொச்சம்."

"அதுல ஒண்ணாவது அறுபத்தெட்டுல இருந்துச்சா?"

"இல்ல."

"ஒத்த மோதிர விரலால?"

"இல்ல."

அவர் நீதிபதியைப் பார்த்து, "இதுக்கு மேல நான் என்ன சொல்ல வேண்டியிருக்கு?" என்று உட்கார்ந்தார். தவசிக்கனி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டான். பேச்சித்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அவர் நியாயமான மனிதர், அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க இதுவரைக்கும் பாக்கலைங்கறது சரி. ஒரு கை அமைதியா இருந்துக்கிட்டே தீய எண்ணத்தோட தொட்டிருக்கலாமா, கூடாதா? உங்க அறிவுக்கு எட்டினவரைக்கும் சொல்லுங்க."

அவள் நெஞ்சில் என்ன இருந்தது என்று அந்த அறையில் அவளைத் தவிரத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'இல்லை, இது கும்பிட்ட கை' என்று நான் சொன்னால் பேச்சித்தாய் இன்று மாலை வீட்டில் இருப்பாள். தவசிக்கனியும் இருப்பான். நாளை காலை அவன் வண்டி ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போகும். இவள் அதே ஸ்டேஷனைக் கூட்டிக்கொண்டு நிற்பாள்.

"இருக்கலாம்" என்றேன்.

பொய் இல்லை. எந்தக் கையும் எப்படியும் இருக்கலாம். கூண்டைவிட்டு இறங்கும்போது எனக்குள் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

தவசிக்கனிக்குப் பன்னிரண்டு வருடம். தீர்ப்பைக் கேட்டதும் அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பேச்சித்தாய்க்கு மூன்று வருடம். வேனில் ஏறும்போது அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று வீட்டுக்குப் போய் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நான்கு மாதம் கழிந்தது. வேறொரு ஸ்டேஷனிலிருந்து ஓர் உறை வந்தது. அதிலும் பதிவில்லாத கை ஒன்று. முன்பெல்லாம் இயந்திரம் இப்படிப்பட்ட கைக்கு நேரே 'நோக்கம் தெரியவில்லை' என்று காட்டும், மீதியை நான் சொல்ல வேண்டும். இந்த முறை சிவப்பு எழுத்தில் தானாகவே 'திருட்டுக் கை' என்று எழுதியிருந்தது. நாடி எழுபது. இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்கி, இரண்டடி தள்ளி வைத்திருக்கிறது. விசாரித்தேன். கூரை ஒழுகியதால் உறை நனையாமலிருக்க நகர்த்தி வைத்த ஏட்டு. பெயர் சுடலைமுத்து, ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. வாசிப்பின் நகல் ஸ்டேஷனுக்குப் போனதுமே சஸ்பெண்ட் ஆகி ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

எல்லா இயந்திரங்களையும் இயக்கும், தலைநகரில் இருக்கும் வாசிப்பு மையத்துக்கு போன் செய்தேன். எடுத்தவர் ஓர் இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"நாங்க எதையும் மாத்தலை மேடம். கோர்ட் ஏத்துக்கிட்ட வாசிப்பைத்தான் அது பாடமா எடுத்துக்கும். பதிவில்லாத கை, ஆனா அமைதியான கை. இந்த மாதிரிக்கு இதுவரைக்கும் பாடமே கிடையாது. எல்லா வழக்கும் அதுக்கு முன்னாடியே தள்ளுபடி ஆயிடும். முதல் பாடம் ஆலடிக்குளம் வழக்குதான். வாசிச்சவங்க பேர் இசக்கியம்மாள்னு இருக்கு."

"நான் இருக்கலாம்னுதானே தம்பி சொன்னேன்?"

"தீர்ப்புல 'தீய எண்ணத்தோடு தொட்டது நிரூபணம்'னு இருக்கு மேடம். அது தீர்ப்பைத்தான் படிக்கும், சாட்சியை இல்ல."

"எத்தனை பேரு இப்படி மாட்டியிருக்காங்க?"

தட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு" என்றார். "ஸ்டேஷன்கள்ல ரொம்ப சந்தோஷமா இருக்காங்க மேடம். கேஸ் எதுவும் விழுறதே இல்லையாம்."

விழாதுதான். கூட்டுகிறவர், சமைக்கிறவர், கரப்பான் மருந்து அடிக்க வந்தவர் என்று யாராவது ஒருவர் வழக்குக்கு முட்டுக்கொடுக்கக் கிடைத்துவிடுகிறாரே. பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாரைக் கொண்டுபோய்ச் சிறையில் போட்டுக்கொண்டிருந்தோம், நான் தொடங்கிவைத்து.

இதை நிறுத்த வழி ஒன்றுதான். அந்த முதல் பாடம் தப்பு என்று நானே மனுப் போட வேண்டும். உண்மை தெரிந்தும் மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் என் வேலை போகும், வழக்கும் வரும். அது என் தலைவிதி. ஆனால் தீர்ப்பு ரத்தாகும். பேச்சித்தாய் குற்றவாளி இல்லை என்றானதும் சங்கிலி அறுந்ததாகிவிடும். தவசிக்கனி வெளியே வருவான்.

மனுவை எழுதி முடித்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. பையில் வைத்துக்கொண்டு மகளிர் சிறைக்குப் போனேன்.

பார்வையாளர் அறையில், கம்பிக்கு அந்தப் பக்கம் பேச்சித்தாய் வந்து உட்கார்ந்தாள். சற்றுச் சதை போட்டிருந்தாள். விரல் வெடிப்புகள் ஆறியிருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். ஏட்டு, பதினொரு பேர், மனு, தவசிக்கனி. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தி என் ரூம்லதான் இருக்கா மேடம்" என்றாள். "ஸ்டேஷன் மெஸ்ல சமைக்கவ. அலமாரியைத் தொடைக்கையில பட்டுருச்சாம். மூணு வயசுல பிள்ளை இருக்கு. விடிய விடிய அழுதா. நான் கேட்டு வாங்கிக்கிட்டது இந்த ஜெயிலு. அவ கேக்கலையே."

"உன் சம்மதம் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எனக்கென்ன சம்மதம்? அவ்வோ பாவம் எனக்கு வேண்டாம். போட்டுருங்க."

கம்பி இடைவெளி வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். கோபக்காரிகளுக்கு அழுகை வந்தால் சீக்கிரம் நிற்காது. அவள்தான் தேற்றினாள், நான் நல்லதுதான் செய்கிறேன் என்றாள்.

பிறகு கேட்டாள். "எனக்கும் அவனுக்கும் ஒரே நாள்லதான் விடுதலையா மேடம்?"

"ஒரே உத்தரவுதான். இங்க காலையில கெடைச்சிரும். சென்ட்ரல் ஜெயிலுக்குப் போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும்."

"ஓ" என்றாள். மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்தாள். "அங்க ரெண்டு வாசல் இருக்குதாம். விடுதலையானவன எந்த வாசல் வழியா விடுவாங்க?"

அவள் கை இன்னும் என் கைமேல்தான் இருந்தது. வெதுவெதுப்பாக, உலர்ந்து, நிமிடத்துக்கு அறுபத்தெட்டுக்கு மேல் ஒரு துடிப்புகூட இல்லாமல். அமைதியான கையிலும் தீய எண்ணம் இருக்கலாம் என்று கோர்ட்டில் சொன்னவள் நான்தான்.

எந்த வாசல் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வெளியே வந்து, சிறையின் சுற்றுச்சுவர்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மாலைக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட்டேன்.